அதிகம் ஓடிய லாரி எஞ்சினில் ஹெட் பழுதைக் கண்டறியும் முறை

விளைபொருளைக் களத்திலிருந்து சந்தைக்கும் ஆலைக்கும் கொண்டு சேர்ப்பது பயிர்த்தொழிலின் கடைசிப் படியாகும். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்திற்குள் ஆலையைச் சேராவிடில் அதன் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையத் தொடங்கும். வாழைத்தாரும் காய்கறியும் ஒரு நாள் தாமதத்தையும் பொறுப்பதில்லை. ஆகையால் அறுவடைக் காலத்தில் லாரி நடுவழியில் நின்றுவிடுமாயின், அதனால் நேரும் நஷ்டம் லாரியோடு மாத்திரம் நிற்பதன்று.

விவசாயிகள் வைத்திருக்கும் லாரிகளிற் பல, வேறிடங்களில் சில லட்சம் கிலோமீட்டர் ஓடிய பின்னர் கைமாறி வந்தவை. இத்தகைய வண்டி ரேடியேட்டரில் நீர் குறைந்தாலும், வெண்புகை விட்டாலும், மேட்டில் இழுவை குறைந்தாலும், "ஹெட் போய்விட்டது" என்ற தீர்ப்பு உடனே பிறந்துவிடுகிறது. அத்தீர்ப்பு சில சமயங்களில் சரியானதே. ஆனால் ஒரு பம்பின் ஒழுக்கையோ, ஒரு நாசிலின் கோளாறையோ ஹெட் பழுதென்று கருதி எஞ்சினை அவிழ்த்துப் பணத்தை விரயமாக்குவதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, மெய்யாகவே பழுதுற்ற ஹெட்டோடு "இந்த அறுவடை முடியட்டும்" என்று வண்டியை ஓட்டி, கேஸ்கட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவைக் கிராங்க் வரை கொண்டு சேர்ப்பதும் உண்டு. இவ்விரு தவறுகளையும் தவிர்ப்பதற்கு வழி ஒன்றே. செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவுள்ளவற்றைப் பின்னரும் வரிசையாகச் செய்ய வேண்டும். ஹெட்டைக் கழற்றுவது சோதனையின் முடிவாக இருக்க வேண்டுமேயன்றித் தொடக்கமாக இருத்தலாகாது.

ஹெட் செய்யும் வேலை

பிஸ்டன்கள் ஓடும் சிலிண்டர்களைக் கொண்ட அடிப்பாகம் 'பிளாக்' எனப்படும். அச்சிலிண்டர்களின் வாயை மூடிநிற்கும் கனத்த வார்ப்பே ஹெட் ஆகும். காற்று உள்ளே வரும் வழி, புகை வெளியேறும் வழி, இவ்வழிகளைத் திறந்து மூடும் வால்வுகள், டீசலைத் தூவும் நாசில்கள், உஷ்ணத்தை வாங்கிச் செல்லும் நீர்வழிகள் ஆகிய யாவும் இவ்வொரு வார்ப்பில் நெருக்கமாக அமைந்துள்ளன. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு அழுத்தப்பட்டிருக்கும். வெடிப்பினால் உண்டாகும் வாயு, குளிர்விக்கும் நீர், மசகாகிய ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் கடமை. இம்மூன்றில் எது எதனோடு கலந்தது என்று அறிவதே ஹெட் பழுதைக் கண்டறியும் கலையின் பெரும்பகுதி எனலாம்.

ஹெட் தாங்கும் பளுவை ஓர் உதாரணத்தால் உணரலாம். நம் நாட்டு லாரிகளில் நெடுங்காலம் பெருவாரியாக வழங்கிவந்த டாடா 697 எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் உள்விட்டம் 97 மில்லிமீட்டர். அதன் பெயரிலுள்ள எண்ணும் இவ்விரண்டையுமே குறிக்கும். பிஸ்டனின் வீச்சு 128 மில்லிமீட்டர். சிலிண்டர் வாயின் பரப்பு ஏறக்குறைய 74 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. வெடிப்பின்போது சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் உண்டாவதாகக் கொண்டால், ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை 5,000 கிலோவுக்கு மேலாகும். 75 கிலோ நெல் மூட்டைகள் 69 சேர்ந்தால் எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரம் இது. எஞ்சின் நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் இது 750 தடவை நிகழ்கிறது. மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 5 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி 12,500 மணி நேரம் உழைத்திருக்கும். அதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் 56 கோடி வெடிப்புகளுக்குமேல் கண்டிருக்கும். ஆதலால் பழைய எஞ்சினில் கேஸ்கட் தளர்வதும் வால்வு தேய்வதும் வியப்பன்று. இவற்றை முன்கூட்டி அறியாதிருப்பதே குறையாகும்.

பழுதுக்கு மூலகாரணம்

தேய்மானம் ஒருபுறமிருக்க, ஹெட்டைக் கெடுக்கும் முதற்பகை மிகையான உஷ்ணமாகும். முக்கால் மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு ஹெட் ஒன்றின் உஷ்ணம் 80 டிகிரி உயர்ந்தால் அது நீளவாட்டில் அரை மில்லிமீட்டருக்கு மேல் விரியும். எல்லா இடமும் ஒருசீராகச் சூடேறினால் தீங்கில்லை. ஓரிடத்தில் நீர் வற்றி அவ்விடம் மாத்திரம் காயுமானால் ஹெட் வளையும், அல்லது வால்வு இருக்கைகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய பாலத்தில் வெடிப்பு விடும்.

கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் கிராமங்களில் உண்டு. உப்பு மிகுந்த அந்நீர் கொதிகலத்தின் அடியிற் படிவதுபோலவே ஹெட்டின் நீர்வழிகளிலும் காரையைப் படியவிடும். காரை உஷ்ணத்தைக் கடத்துவதில் இரும்பைவிடப் பன்மடங்கு மந்தமானது. ஆகவே உஷ்ணமானி ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, காரை படிந்த இடத்தில் இரும்பு அளவுகடந்து காய்ந்துவிடக்கூடும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றும் கைவைத்தியமும் இத்தகையதே. அது ஒழுக்கையும் அடைக்கும்; திறந்திருக்க வேண்டிய நுண்ணிய குழாய்களையும் உடன் அடைக்கும்.

இவற்றினும் கொடியது, நீர் வற்றிக் காய்ந்துபோன எஞ்சினில் பதற்றத்தோடு வாய்க்கால் நீரை ஊற்றுவதாகும். சிவக்கக் காய்ந்த கல்லில் குளிர்நீர் பட்டது போல ஹெட் அக்கணமே வெடிக்கக்கூடும். அவ்வாறு நின்ற வண்டியை நிழலில் விட்டுத் தொட்டால் சுடாத அளவு ஆறவிட்ட பின்னரே சிறிது சிறிதாக நீர் சேர்த்தல் வேண்டும்.

கழற்றுமுன் செய்யும் சோதனைகள்

1. விசாரணை. ஓட்டுநரை விசாரிப்பதே முதற்சோதனை. நீர் நாள்தோறும் குறைகிறதா, அன்றிப் பாரம் ஏற்றிய நாட்களில் மாத்திரமா? ஆயில் மட்டம் குறைகிறதா, ஏறுகிறதா? வண்டி எப்போதாவது கொதித்து நின்றதுண்டா? அண்மையில் யாராவது ஹெட்டைக் கழற்றியதுண்டா? இவற்றிற்கு நேரான விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்ததாகும். கொதித்து நின்றதை ஓட்டுநர் அச்சத்தினால் மறைப்பதுண்டு. ஆகையால் குற்றம் சாட்டும் தோரணையின்றிக் கேட்டல் நலம்.

2. வெளிப்பார்வை. காலையில், எஞ்சின் முற்றும் குளிர்ந்திருக்கையில், கீழே ஈரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளேயிருக்கும் சீல் தேய்ந்தால் நீர் அவ்வழியே சொட்டும். ரப்பர்க் குழாய்களின் இணைப்பு, ரேடியேட்டரின் அடித்தொட்டி, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் தகட்டு மூடிகள் ஆகியவற்றிலும் ஒழுக்கு உண்டாவது வழக்கம். நீர் உலர்ந்த இடத்தில் வெள்ளைப் பூச்சாக உப்புத் தங்குமாதலால், ஓடும்போது மாத்திரம் ஒழுகும் இடத்தையும் கண்டுகொள்ளலாம். ரேடியேட்டர் மூடியும் கவனிக்கத்தக்கது. சதுர சென்டிமீட்டருக்கு அரைக்கிலோ அழுத்தத்தைத் தாங்கும் மூடி, நீர் 111 டிகிரி வரை கொதியாமல் காக்கும். அதன் ரப்பர் கெட்டால் நீர் 100 டிகிரியிலேயே கொதித்து வழிந்துவிடும். ஒரு மூடியின் விலையில் தீரும் குறையை ஹெட்டின்மேல் ஏற்றுதல் கூடாது.

3. ஆயிலும் நீரும். ஆயில் அளவுக்கோலை உருவிப் பார்த்தல் வேண்டும். ஆயில் கடைந்த மோர் போல வெளுத்திருந்தாலோ, மட்டம் தானே உயர்ந்திருந்தாலோ, நீர் ஆயிலிற் கலந்துள்ளது என்பது திண்ணம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மாத்திரம் சிறிது வெண்படலம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரக்காற்று அங்கே படிவதுண்டு.

நீர் ஆயிலிற் கலந்தது உறுதியானாலும், அது ஹெட்டின் வழியே வந்ததென்று உடனே முடிவுசெய்தலாகாது. நீரில் நேரே நனையும் லைனர்களைக் கொண்ட எஞ்சினில் லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டாலும் இதே அடையாளம் தோன்றும். ஆயில் கூலர் உள்ள எஞ்சினில் அதன் குழாய் அரித்துப் போனாலும் இரண்டும் கலக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தமே மிகுதியாதலால், கூலர் பழுதானால் ஆயில் ரேடியேட்டருக்குள் சென்று நீரின்மேல் கருமையாக மிதக்கும். எஞ்சின் நின்றபின் நீர் ஆயிலுக்குள் இறங்கும். எது எவ்வாறாயினும், ஆயில் வெளுத்த எஞ்சினை ஒரு கிலோமீட்டரும் ஓட்டுதல் தகாது. நீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காவாது. கேஸ்கட் செலவு கிராங்க் செலவாக மாறுவது இங்கேதான்.

4. புகை. சைலன்சர் வழியே வரும் வெண்புகை இருவகைப்படும். ஒன்று நீராவி, அது வெளிவந்த சிறிது தூரத்திலேயே மறையும், கண்ணைக் கரிக்காது. மற்றொன்று எரியாத டீசல். அது நெடுநேரம் காற்றில் தங்கும், கண்ணைக் கரிக்கும், டீசல் வாடை வீசும். குளிர்ந்த காலையில் சில நிமிஷம் ஆவி வருவது இயல்பே. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரும் ஆவி நில்லாது வருமாயின், நீர் சிலிண்டருக்குள் புகுகிறது என்று ஐயுறலாம். டீசல் வாடையுள்ள வெண்புகைக்கு நாசில் கோளாறோ, பம்பின் காலக்கணக்குப் பிசகியதோ, கம்ப்ரஷன் குறைவோ காரணமாகலாம். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஓட்டமின்றி நெடுநேரம் நின்றபின் முதல் முடுக்கத்தில் மாத்திரம் நீலப்புகை வந்து மறைந்தால் ஹெட்டிலுள்ள வால்வு கைடுகள் தேய்ந்திருக்கலாம். பாரம் இழுக்கும்போது இடைவிடாது வந்தால் பிஸ்டன் வளையங்களையே முதலில் ஐயுற வேண்டும். கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்யாமல் அதற்காக ஹெட்டைத் தொடுதல் வீண்.

5. குமிழிச் சோதனை. இது செலவற்றது, மிகவும் பயன் தருவது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். பேன் பெல்ட்டைக் கழற்றி, தண்ணீர்ப் பம்ப் சுழலாதவாறு செய்து, ரேடியேட்டரில் கழுத்துவரை நீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்து எஞ்சினைக் கிளப்ப வேண்டும். இரண்டொரு முறை முடுக்கிப் பார்க்கையில், நீர் சூடேறுமுன்னரே குமிழிகள் விடாது எழுந்தால், வெடிப்பு வாயு நீர்வழியில் நுழைகிறது என்பது தெளிவு. தொடக்கத்தில் இரண்டொரு குமிழி எழுந்து அடங்கினால், அது உள்ளே தங்கியிருந்த காற்றேயாகும். பம்ப் சுழலாதாகையால் இச்சோதனையை ஓரிரு நிமிஷத்திற்குமேல் நீட்டித்தலாகாது. பல்சக்கரத்தால் பம்ப் சுழலும் எஞ்சினுக்கு இம்முறை பொருந்தாது. காலையில் வண்டியைக் கிளப்பிய சில நொடிகளிலேயே மேற்குழாய் கல்போல் இறுகுவதும் இதே பழுதுக்கு அடையாளமாகும்.

பட்டறைகளில் ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை ஒருவகை நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்ப்பதுண்டு. புகையிலுள்ள கரியமிலவாயு கலந்திருந்தால் திரவம் பச்சையாகி மஞ்சளாக மாறும். குமிழி ஐயத்துக்கு இடமளிக்கும்போது இது துணைசெய்யும்.

6. சிலிண்டர்களைத் தனித்தனியே பார்த்தல். எஞ்சின் சீரின்றி ஓடினால் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய வேண்டும். பழைய மாதிரிப் பம்ப் உள்ள எஞ்சினில், மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் சிறிது தளர்த்திப் பார்ப்பது வழக்கம். தளர்த்தியதும் ஓசை மாறி வேகம் குறைந்தால் அச்சிலிண்டர் வேலை செய்கிறது; மாறுதல் ஒன்றுமில்லையேல் குறை அங்கேயே உள்ளது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லக்கூடியதாகையால் கையைக் குழாயருகே நீட்டலாகாது. துணியால் மூடியே செய்தல் வேண்டும். புதிய லாரிகளிலுள்ள கம்மன் ரெயில் முறையில் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேலும் அழுத்தம் இருக்குமாதலால், அவற்றில் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

குறையுள்ள சிலிண்டரைக் கண்டபின், அதன் நாசிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். நாசிலோடு குறையும் இடம் மாறினால் ஹெட் குற்றமற்றது. அடுத்து, வால்வு இடைவெளியைப் பீலர் கேஜால் அளந்து பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிய எஞ்சினில் வால்வுகள் இருக்கையினுள் சிறிது சிறிதாக அமிழ்ந்து போவதால் இடைவெளி குறைந்து, வால்வு முற்றும் மூடாமல் நிற்கக்கூடும். இடைவெளியைத் திருத்திய அளவில் இழுவை திரும்பிவிடுமாயின் ஹெட்டைக் கழற்றவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் திருத்திய இடைவெளி சில நாட்களிலேயே மீண்டும் குறைந்தால், இருக்கை தேய்கிறது என்று அறிந்து தக்க காலத்தில் வேலைக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

7. காற்றுச் சோதனை. ஹெட்டைக் கழற்றுமுன் செய்யும் சோதனைகளில் முடிவானது இதுவே. நாசில் துளைகளின் வழியே கம்ப்ரஷன் அளந்து சிலிண்டர்களை ஒப்பிட்டுப் பார்த்தால் எது குறைவு என்பது தெரியும். ஏன் குறைவு என்பது காற்றுச் சோதனையிலேயே தெரியும். நாசில்களை எடுத்துவிட்டு, சோதிக்க வேண்டிய சிலிண்டரின் பிஸ்டனை அழுத்தவீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதை உறுதி செய்து, நாசில் துளையின் வழியே டயர்ப் பட்டறைக் காற்றை ஏறக்குறைய 5 கிலோ அழுத்தத்தில் செலுத்த வேண்டும். காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சுழற்றிவிடக்கூடுமாகையால், வண்டியை மேல் கியரில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, யாவரும் விசிறியிலிருந்து விலகி நிற்க வேண்டும். பின்னர் காற்று எங்கே கசிகிறது என்று காதால் கேட்டறியலாம்.

காற்று வடிகட்டியின் பக்கம் சீறினால் உள்வால்வு பழுது.
சைலன்சரில் சீறினால் புகைவால்வு பழுது.
ஆயில் ஊற்றும் வாயில் மிகுதியாக வந்தால் பிஸ்டன் வளையமும் லைனரும் தேய்ந்தவை. ஹெட்டைப் பழுதுபார்ப்பதால் மாத்திரம் பயனில்லை.
ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கட் எரிந்தது, அல்லது ஹெட் வெடித்தது.
அடுத்த சிலிண்டரின் நாசில் துளையில் வந்தால் இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் எரிந்தது. கம்ப்ரஷன் அளவில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருப்பதும் இதையே காட்டும்.

ஸ்டார்ட்டர் சிக்கும்போது

இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட்டர் போட்டதும் 'டக்' என்று நின்று, மேலே சுழல மறுப்பதுண்டு. பாட்டரி பலமாயிருந்தும் இவ்வாறு நேருமானால் சிலிண்டரில் நீர் தேங்கியிருக்கலாம். நீர் காற்றைப்போல் சுருங்காது. ஆகவே மீண்டும் மீண்டும் ஸ்டார்ட்டரை அழுத்துவதும், வண்டியைத் தள்ளிக் கிளப்புவதும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். நாசில்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால் நீர் துளை வழியே வெளிப்படும். அவ்வண்டியை அன்று வேலைக்கு எடுப்பது பற்றி எண்ணவே கூடாது.

இரண்டு நிலைமைகள்

ஒரே குறை இருவேறு காரணங்களால் தோன்றுமாற்றை இரு லாரிகளை வைத்து விளக்கலாம். இரண்டிலும் நாள்தோறும் 3 லிட்டர் நீர் குறைவதாகக் கொள்க. முதல் லாரியில் ஆயில் தெளிவாயுள்ளது; குமிழி இல்லை; புகை இயல்பானது; பம்பின் அடியில் வெள்ளைக் கறை காணப்படுகிறது. பம்பின் சீலை மாற்றினால் குறை தீரும். ஹெட்டைக் கழற்றியிருந்தால் புதுக் கேஸ்கட்டோடு நீர் முன்போலவே சொட்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் லாரியில் வெளியே ஈரமில்லை. வெறும் வண்டியாக ஓடுகையில் நீர் குறைவதில்லை. பாரத்தோடு மேடேறினால் மாத்திரம் நீர் வழியும் குழாயில் பீறிட்டு வெளிவருகிறது. காலையில் மேற்குழாய் உடனே இறுகுகிறது. இங்கே வெடிப்பு வாயு நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. ரேடியேட்டரை மாற்றினாலும் இக்குறை தீராது. நீர் எவ்வளவு குறைகிறது என்பதைவிட, எப்போது எவ்வழியே குறைகிறது என்பதே பழுதைக் காட்டித் தருகிறது.

கழற்றிய பின் காண வேண்டியவை

சோதனைகள் ஹெட்டையே சுட்டினால் காலம் தாழ்த்தாது கழற்ற வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே போல்ட்டுகளைத் தளர்த்தலாம். சூட்டில் கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும். ஓரங்களில் தொடங்கி நடுநோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துதல் முறை.

எதையும் துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். கேஸ்கட்டில் வாயு சென்ற வழி கருங்கோடாகத் தெரியும். மற்றப் பிஸ்டன்களின் தலை கரியேறியிருக்க, ஒன்று மாத்திரம் கழுவினாற்போல் துலங்கினால் நீர் அந்தச் சிலிண்டருக்குள்தான் புகுந்தது. துடைத்த பின்னர் இச்சான்றுகள் மறைந்துவிடும். ஆகையால் உரிமையாளர் அவ்வேளையில் உடனிருத்தல் நன்று.

பின்னர் ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்து, நேரான எஃகுச் சட்டத்தை நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் பீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அனுமதிக்கும் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறுமாதலால் கையேட்டைப் பார்த்தே முடிவுசெய்தல் வேண்டும், 0.10 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழையுமானால் முகம் சீவ வேண்டியதென்றே பெரும்பாலும் கொள்ளலாம். பிளாக்கின் முகத்தையும் இவ்வாறே பார்க்க வேண்டும். லைனர்கள் பிளாக்குக்கு மேல் நிற்கும் அளவு ஒன்றுக்கொன்று வேறுபட்டால், எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும் நில்லாது.

வால்வு இருக்கைகளுக்கு நடுவிலும் நாசில் துளையைச் சுற்றியும் மயிரிழை வெடிப்பு உள்ளதா என்று தேட வேண்டும். மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைப் பூசினால், வெடிப்பினுள் நின்ற எண்ணெய் தூளை நனைத்துக் கோடு காட்டும். உட்புறத்து வெடிப்பு இதனால் தெரியாது. நீர்வழிகளை அடைத்து, ஹெட்டை வெந்நீரில் அமிழ்த்தி, உள்ளே காற்றுச் செலுத்தும் சோதனையைப் பட்டறையில் கேட்டுச் செய்வித்தல் வேண்டும். சூடேறினால் மாத்திரம் விரியும் வெடிப்புகள் இதில் அகப்படும். வால்வுகளைச் சோதிக்க, ஹெட்டைத் தலைகீழாக வைத்து வால்வு முகங்களின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். உடனே இறங்கினால் அவ்வால்வு சரியாக உட்காரவில்லை.

முகம் சீவிய ஹெட் கனம் குறைந்து பிஸ்டனுக்கு அருகே வந்துவிடும். ஆகவே கையேட்டில் கண்ட குறைந்த கனத்திற்குக் கீழ்ச் சீவலாகாது. வால்வு அமிழ்ந்துள்ள ஆழமும் நாசில் முனை நீண்டிருக்கும் அளவும் சீவிய பின்னர் மீண்டும் அளந்து பார்க்கப்பட வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

போல்ட் துளைகளில் நீரோ ஆயிலோ தங்கவிடலாகாது. போல்ட்டை முறுக்கும்போது அத்திரவம் வழியின்றி அழுந்திப் பிளாக்கையே பிளக்கும். நீண்டுபோன போல்ட்டுகளை மாற்ற வேண்டும். நடுவில் தொடங்கி வெளிநோக்கி, கையேட்டில் சொன்ன வரிசையிலும் அளவிலும், பல படிகளாக டார்க் ரெஞ்சினால் முறுக்க வேண்டும். கைக்கணக்கு நம்பத்தக்கதன்று. சில கேஸ்கட்டுகளுக்கு வண்டி சிறிது ஓடியபின் மறுமுறை முறுக்குதல் விதி. சிலவற்றுக்கு அது கூடாது.

எல்லாவற்றினும் முக்கியமானது, கேஸ்கட் எரிந்ததற்குக் காரணமான குறையைத் தீர்ப்பதாகும். ரேடியேட்டரைக் கழுவாமலும், தெர்மோஸ்டாட், பம்ப், பெல்ட் ஆகியவற்றைப் பாராமலும் புதுக் கேஸ்கட்டை மாத்திரம் போடுதல், மடை உடைந்த காரணத்தை அறியாமல் மண் போட்டு மூடுவதற்கு ஒப்பாகும். அடுத்த வெள்ளத்தில் அவ்விடமே மீண்டும் உடையும். தெர்மோஸ்டாட்டை அடியோடு நீக்கிவிட்டால் குளிர்ச்சி பெருகும் என்பதும் தவறான எண்ணமே. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் டீசல் வீணாவதோடு தேய்மானமும் மிகும். நீருக்குப் பதிலாக எஞ்சினுக்கு ஏற்ற கூலண்டை உப்பற்ற நீரோடு உரிய அளவிற் கலந்து ஊற்றுதல் வேண்டும்.

பழைய லாரி வாங்குவோர் கவனத்திற்கு

வாங்க எண்ணும் லாரியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே கிளப்பிச் சூடேற்றி வைத்திருந்தால், மற்றொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புதல் நலம். ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலமோ மஞ்சட் கசடோ உண்டா, ஹெட்டின் விளிம்பில் புதிதாகப் பசை பூசியிருக்கிறதா, போல்ட் தலைகள் அண்மையில் ஸ்பானர் பட்டுப் பளபளக்கின்றனவா என்று நோக்க வேண்டும். பாரம் ஏற்றி மேடு ஒன்றில் ஓட்டிப் பார்க்காமல் விலை பேசுதல் கூடாது.

கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கக் காரியஸ்தர்களும் தங்கள் பொறுப்பிலுள்ள வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கணக்குப் புத்தகம் வைக்கச் செய்தல் பெரும்பயன் தரும். தேதி, ஓடிய கிலோமீட்டர், சேர்த்த நீர், சேர்த்த ஆயில் என நான்கு கலங்கள் போதும். நீரின் அளவு வாரத்துக்கு வாரம் ஏறுவது அப்புத்தகத்தில் தெரியும்போது, ஹெட்டின் நோய் இன்னும் இளம்பருவத்திலேயே இருக்கும்.

சுருக்கம்

1. நீர் குறைந்தால் முதலில் பம்ப், குழாய், மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
2. ஆயில் வெளுத்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.
3. ஆவியையும் டீசல் வெண்புகையையும் வேறுபிரித்து அறிய வேண்டும்.
4. குமிழிச் சோதனை குளிர்ந்த எஞ்சினில் செய்யத்தக்கது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.
5. வால்வு இடைவெளியும் நாசிலும் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றலாகாது.
6. கழற்றிய ஹெட்டை அளந்தும் சோதித்தும் பாராமல் திரும்பப் பூட்டலாகாது.
7. காய்ந்த எஞ்சினில் குளிர்நீர் ஊற்றலாகாது.

மேற்கண்ட முறைகளைத் தை மாத அறுவடைக்கும் கரும்பு அரைவைக்கும் முன்னதாகவே, வண்டிக்கு வேலை குறைந்த நாட்களில் கையாளுவோர், பாரம் மிகுந்த நாட்களில் வழியில் நின்று வருந்த நேராது.